22 ஆண்டுகளும் சில நிமிடங்களும்

ஒரு புரதத்தின் முழு உருவத்தை மனிதர்கள் முதன்முதலில் கண்டது 1958-இல், கேம்பிரிட்ஜில். ஜான் கெண்ட்ரூவின் குழு பிளாஸ்டிசின் களிமண்ணில் அதைச் செய்து வைத்தது. தசைகளில் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் அது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தசையிலிருந்து பிரித்தெடுத்து, படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, எட்சாக் என்ற அந்தக் காலக் கணினியில் கணக்குப் போட்டுக் கண்டார்கள். ஐந்து வருடம் முன்பு அதே ஊரில் வெளியான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் தன் ஒழுங்கால் எல்லோரையும் மயக்கியிருந்தது. மயோகுளோபினில் அந்த ஒழுங்கு எதுவும் தென்படவில்லை. தடித்த குழாய் ஒன்று இப்படி வளைந்து, அப்படித் திரும்பி, தன் மீதே ஏறி, இடுக்கில் புகுந்து வெளியே வந்தது. சமச்சீர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

இரண்டு வருடம் கழித்து இன்னும் நுட்பமான படம் கிடைத்தது. அதை உருவமாக்க சுமார் 2,500 உலோகக் கம்பிகளை நெருக்கமாக நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் ஆறடி. எலக்ட்ரான்கள் எங்கெல்லாம் செறிந்திருக்கின்றன என்று கணக்கு சொன்னதோ, அங்கெல்லாம் கம்பியில் நிற நிறமான கிளிப்புகள். அணுக்களை அளக்கும் சிறு அலகான ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்ற அளவில், கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, கிளிப்புகளின் தடம் பிடித்து, சங்கிலி எந்த வழியே போகிறது என்று தேடினார்கள். 153 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதே ஆய்வகத்தில் மாக்ஸ் பெரூட்ஸ் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அவர் வேலையைத் தொடங்கியது 1937-இல், உருவம் பிடிபட்டது 1959-இல். 22 வருடம்! ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலினை எக்ஸ் கதிரில் முதன்முதலில் படம்பிடித்தது 1935-இல். அதன் அமைப்பை வெளியிட்டது 1969-இல். அந்தக் குழுவில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார். ஒரு புரதத்துக்கு ஓர் ஆயுளின் பாதி என்பதுதான் அன்றைய கணக்கு.

இன்று கல்லூரி மாணவி ஒருத்தி அமினோ அமில வரிசையை ஓர் இணையப் பக்கத்தில் ஒட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் உருவம் வந்து நிற்கிறது. பல புரதங்களுக்கு அந்தக் காத்திருப்பும் வேண்டாம். இருபது கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் கணித்த உருவங்கள் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தைப் பராமரிக்கும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் இருப்பதும் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்து ஹின்க்ஸ்டன் கிராமத்தில்தான்.

இந்த இரண்டு காலங்களுக்கு நடுவில் நடந்தது என்ன, எது மாறியது, எது மாறவே இல்லை என்பதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. "புரத மடிப்புப் பிரச்சினை தீர்ந்தது" என்று 2020-இல் தலைப்புச் செய்திகள் வந்தன. என் கணக்கில் அந்தச் செய்தி பாதி உண்மை.

செல்லுக்குள் ரைபோசோம் என்ற இடத்தில்தான் புரதங்கள் உருவாகின்றன. அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அங்கிருந்து வெளிவரும்போது புரதம் வெறும் நீளச் சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்கள் மரபணு சொன்ன வரிசையில் கோக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் அதனால் ஒரு வேலையும் ஆகாது. எண்ணெய்த்தன்மை கொண்ட, நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் உள்ளே ஒதுங்கும். நீரோடு சேர்பவை வெளியே வரும். சில பகுதிகள் சுருளாகும், சில தட்டையாக அடுக்கப்படும். கடைசியில் ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண உருவத்தில் போய் நிற்கும். இதைத்தான் விஞ்ஞானிகள் மடிதல் என்கிறார்கள். ஆக்ஸிஜனைச் சுமப்பதும், சோற்றைச் செரிப்பதும், கிருமியைப் பிடிப்பதும் அந்த உருவத்தால் ஆகும் வேலைகள்.

மடிந்தது பிரிந்தால் என்னாகும் என்பதை நம் வீட்டு அடுப்பிலேயே தினமும் பார்க்கிறோம். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் புரதங்கள் தனித்தனியாக மடிந்து, நீரில் கரைந்து, தெளிவாக இருக்கின்றன. சூடேறும்போது மடிப்பு குலைகிறது. உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்த்தன்மைப் பகுதிகள் வெளியே வந்து பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. எல்லாம் சிக்கிக் கெட்டியாகி வெண்மையாகிறது. சூட்டில் புரதம் இயல்பிழப்பது உண்மையில் அதன் சங்கிலி பிரிவதுதான் என்று சீன விஞ்ஞானி வூ ஸியன் 1931-இலேயே எழுதினார். அமெரிக்காவில் மிர்ஸ்கியும் பாலிங்கும் அதே முடிவுக்கு வந்தது 1936-இல். அப்போது ஒரு புரதத்தின் உருவத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. (2015-இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வேகவைத்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழற்றி, அதிலிருந்த லைசோசைம் என்ற நொதியை மீண்டும் வேலை செய்யும்படி மடிய வைத்துக் காட்டினார்கள்.)

எப்படி மடியவேண்டும் என்று அந்தச் சங்கிலிக்கு யார் சொல்வது? அமெரிக்காவின் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் இதற்கு ஒரு சோதனைக்குழாயில் பதில் கண்டார். அவர் எடுத்துக்கொண்டது ரிபோநியூக்ளியேஸ் என்ற சிறிய நொதி. 124 அமினோ அமிலங்கள். அவற்றில் எட்டு இடங்களில் பாலம் கட்டக்கூடிய கந்தகம். அந்த எட்டும் இரண்டிரண்டாகக் கைகோத்து நான்கு பாலங்கள். வயலில் உரமாகப் போடும் அதே யூரியாவை அடர்த்தியாகச் சேர்த்து மடிப்பைக் குலைத்தார். இன்னொரு வேதிப்பொருளால் கந்தகப் பாலங்களை அறுத்தார். (அழகு நிலையத்தில் சுருட்டை முடியை நிமிர்த்தும் மருந்து அறுப்பதும் இதே வகைப் பாலங்களைத்தான்.) நொதி செத்துவிட்டது என்றே சொல்லலாம். பிறகு இரண்டையும் மெல்ல நீக்கிவிட்டுக் காத்திருந்தார். நொதி தானாகவே மடிந்து, பழைய வேலையைச் செய்யத் தொடங்கியது.

எட்டுக் கந்தகங்கள் ஜோடி சேர 105 வழிகள் உண்டு. சரியானது ஒன்றே ஒன்று. யூரியாவை நீக்காமல் பாலங்களை மட்டும் கட்டவிட்டபோது கந்தகங்கள் கண்டபடி ஜோடி சேர்ந்தன. நொதியின் திறன் நூற்றில் ஒரு பங்கு அளவே திரும்பியது. யூரியாவை எடுத்துவிட்டு, பாலங்களை அவிழ்த்துக் கட்ட உதவும் வேதிப்பொருளைத் துளி சேர்த்ததும், தப்பு ஜோடிகள் பிரிந்து அந்த ஒரே சரியான ஜோடிக்கு வந்து சேர்ந்தன. உருவத்துக்கான கட்டளை முழுவதும் அமினோ அமில வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்ற முடிவுக்கு அன்ஃபின்சன் வந்தார். 1972-இல் நோபல். உயிரியலின் மிக எளிய, மிக அழகான சோதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த முடிவு அடுத்த சிக்கலைக் கிளப்பியது. 1969-இல் சைரஸ் லெவிந்தால் அதைச் சுட்டிக்காட்டினார். அதை எளிமையாக்கிச் சொன்னால், நூறு கண்ணிகள் உள்ள சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் மூன்றே நிலைகளில்தான் நிற்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, மொத்த உருவங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்துக்குப் பின்னால் 47 சைபர் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சரியானதைக் கண்டுபிடிப்பது என்றால் பிரபஞ்சத்தின் வயது போதாது. நிஜத்தில் பல சிறு புரதங்கள் கண் இமைக்கும் நேரத்துக்குள் மடிந்துவிடுகின்றன. ஆக, சங்கிலி குருட்டாம்போக்கில் தேடுவதில்லை. சரிவில் இறங்குவதற்கு ஏதோ வழி இருக்கிறது. அந்த வழி எது?

இந்த இடத்தில் சென்னைக்கு வந்தே ஆகவேண்டும். எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் தம் முப்பதாவது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். தோலும் தசைநாணும் எலும்பும் கொலாஜனால் ஆனவை. தோல் என்றால் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறிலேயே இருக்கிறது. ராமச்சந்திரன் அங்கே போய்க் கேட்டார். கடைசியில் தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்தது கங்காருவின் வால் தசைநாண். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய புரி என்று 1954, 1955-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

கேம்பிரிட்ஜிலிருந்து மறுப்பு வந்தது. மூன்று புரி சரிதான், ஆனால் உங்கள் உருவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் எழுதினார்கள். ராமச்சந்திரன் அந்த மறுப்பிலிருந்தே அடிப்படைக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார்: இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, ஒவ்வொரு அணு ஜோடிக்கும் குறைந்தபட்சத் தூரத்தைப் பட்டியலிட்டார்கள். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து சங்கிலியின் ஒரு கண்ணியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய இடங்கள் இரண்டு. ஃபை, சை என்று அந்தக் கோணங்களுக்குப் பெயர். இரண்டு கோணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் இடிக்கின்றனவா என்று மேசைக் கணக்குப் பொறியில் கணக்கிட்டார்கள். முழங்கை பின்பக்கம் மடங்காதது போல, அந்தக் கண்ணியும் பெரும்பாலான கோணங்களுக்குத் திரும்பவே திரும்பாது என்று தெரிந்தது. இரண்டு கோணங்களையும் இரு அச்சுகளாக வைத்து வரைந்த படத்தின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு தடைசெய்யப்பட்டது. மிச்சமிருந்த தீவுகளில் ஒன்றில் பாலிங் 1951-இல் சொன்ன ஆல்ஃபா சுருள் போய் உட்கார்ந்தது. இன்னொன்றில் பீட்டா தகடு.

1963-இல் வெளியான அந்தப் படத்துக்கு உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். லெவிந்தாலின் சிக்கலை அது முழுதாகத் தீர்த்துவிடவில்லை. ஆனால் சங்கிலிக்குக் கிடைக்கும் சுதந்திரம் எவ்வளவு குறைவு என்பதை முதலில் அளந்து சொன்னது சென்னைதான். புரதத் தரவு வங்கியில் இன்று யார் புதிய அமைப்பைச் சேர்த்தாலும், கூடவே வரும் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழும் கண்ணிகள் எத்தனை என்று எழுதியிருக்கும். கணினி கணித்துத் தரும் உருவங்களையும் அதே வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கெண்ட்ரூவின் கம்பிகள் போய்விட்டன, எட்சாக் போய்விட்டது. மேசைக் கணக்குப் பொறியில் போட்ட சென்னைக் கணக்கு அறுபது வருடம் தாண்டியும் நாள்தோறும் பயன்படுகிறது. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்காமல் போனது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் 2001-இல் சென்னையில் காலமானார்.

பிறகு நடந்தது நெடிய ஓட்டம், சுருக்கமாகவே சொல்கிறேன். 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி 2023 தொடக்கத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1994-இல் ஜான் மௌல்ட் முன்னின்று காஸ்ப் என்ற போட்டியை ஆரம்பித்தார். சோதனையில் கண்டுபிடித்து இன்னும் வெளியிடாத புரதங்களின் வரிசையைக் கொடுத்து, உருவத்தைக் கணித்து அனுப்பச் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு வந்தால் சோதனைக்குச் சமம் என்று வைத்திருந்தார்கள்; கடினமான புரதங்களில் வருடக்கணக்காக நாற்பதைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. 2020-இல் லண்டனின் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு இரண்டாம் பதிப்பு 92.4 என்ற இடைநிலை மதிப்பெண்ணோடு வந்து நின்றது.

அந்த நிரல் படித்த பாடம் இரண்டு. ஒன்று, சுமார் 1,70,000 புரதங்களின் சோதனை அமைப்புகள். அதாவது பெரூட்ஸ், ஹாட்ஜ்கின், விஜயன் போன்றவர்கள் வழிவழியாகச் சிந்திய உழைப்பு. இன்னொன்று, பரிணாமம். ஒரே புரதம் மனிதரிடமும் மீனிடமும் ஈஸ்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டிருக்கும். சங்கிலியில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களில் ஒன்று மாறும்போதெல்லாம் மற்றதும் மாறியிருந்தால், மடிந்த பிறகு அவை அடுத்தடுத்து இருக்கின்றன என்று ஊகிக்கலாம். இத்தகைய தடயங்களைக் கோடிக்கணக்கான வரிசைகளிலிருந்து நிரல் பொறுக்கி எடுக்கிறது. 2024 வேதியியல் நோபலில் பாதி இதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்ப்பருக்கும் போனது. மறுபாதி, இயற்கையில் இல்லாத புரதங்களையே வடிவமைத்துக் காட்டிய டேவிட் பேக்கருக்கு.

இனி, மாறாதது. ஆல்ஃபாஃபோல்டு காட்டுவது மடிந்து முடித்த உருவத்தை. சங்கிலி எந்தப் படிகளில், எந்த இடத்தில் தொடங்கி அங்கே வந்து சேர்ந்தது என்று அது சொல்லாது. லெவிந்தால் கேட்டது அதைத்தான். அதன் தரவுத்தளத்தில் ஒரு புரதத்தைத் திறந்தால் உருவம் நிறங்களில் வரும்: அடர்நீலம் என்றால் நம்பலாம், ஆரஞ்சு என்றால் நம்பாதே. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைத் திறந்து பாருங்கள். நடுவில் நீலக் கட்டி, இருபுறமும் ஆரஞ்சு நூல்கள் நீண்டு அலையும். அந்த ஆரஞ்சுப் பகுதியில் பெருமளவுக்கு நிலையான மடிப்பே கிடையாது. நம் உடலில் இப்படிப்பட்ட மடியாத பகுதிகள் ஏராளம். மடியாமலேயே அவை வேலை செய்கின்றன.

தப்பாக மடிவதால் வரும் நோய்களும் உண்டு. ஸ்டான்லி ப்ரூசினர் 1982-இல் பிரியான் பற்றி எழுதியபோது நம்ப ஆளில்லை. தப்பாக மடிந்த ஒரு புரதம் பக்கத்தில் உள்ளதையும் தன்னைப்போல் மடியவைக்கிறது, மரபணுவே இல்லாமல் நோய் பரவுகிறது என்றால் யார் நம்புவார்கள்? பிரிட்டனில் பைத்திய மாடு நோய் மனிதருக்கும் வந்தது 1996-இல் தெரிந்தது. மறுவருடம் ப்ரூசினருக்கு நோபல். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு புரதத்தில் 508-ஆவது அமினோ அமிலம் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும். மடிப்பு கோணலாகும், செல் அதைக் கழிவென்று அழித்துவிடும். முன்பு இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டுவதே அரிது. அந்தப் புரதத்தைச் சரியாக மடியவைக்கும் மாத்திரைக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அப்போது அதன் விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலரை ஒட்டி இருந்தது. மருந்து இருந்தும் எட்டாத குடும்பங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

உருவம் தெரிந்தாலே நோய் புரிந்துவிடாது என்பதற்கு அரிவாள் செல் நோய் சாட்சி. இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருப்பதே காரணம் என்று வெர்னான் இங்ரம் கண்டறிந்ததும் பெரூட்ஸின் ஆய்வகத்தில்தான். இந்த மாற்றத்தால் மடிப்பு கெடுவதில்லை. வெளிப்பக்கத்தில் ஒரே ஓர் ஒட்டும் இடம் முளைக்கிறது, அவ்வளவே. ஆக்ஸிஜன் குறையும்போது மூலக்கூறுகள் அந்த இடத்தில் ஒட்டி நீண்ட இழைகளாகி, ரத்த அணுவையே வளைத்துவிடுகின்றன. ஆல்ஃபாஃபோல்டிடம் இரண்டு வரிசைகளையும் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே உருவத்தைத்தான் தரும். நோயாளியின் வலி அந்தப் படத்தில் தெரியாது. அதற்கு ஆய்வகமும் மருத்துவரும் வேண்டும், நோயாளியின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தைத் திறந்து கொடுங்கள். காசு வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைத் தேடச் சொல்லுங்கள். அங்கே சங்கிலித் தொடக்கத்து மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால், மேலே சொன்ன ஆறாவது இடம் ஏழாவதாக இருக்கும். அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அது உருவத்தின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும்.